பில் போடும் இடத்தில் ஒரு நலம் விசாரிப்பு

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, திருச்சி உறையூரில் அம்மா வீட்டுத் தெருமுனையில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர். அவர் கூடையில் ஒரு பாக்கெட் அவலும் ரஸ்க்கும் இரண்டு சோப்பும் இருந்தன. பில் போட்ட பெண்ணிடம், "வீட்டம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சும்மா" என்றார். "இப்ப நல்லாத் தெரியுதாங்கய்யா?" என்று அந்தப் பெண் கேட்டார். "தெரியுதே! உங்க மூஞ்சியில இவ்வளவு சுருக்கம் எப்ப வந்துச்சுன்னு கேக்கறா" என்று பெரியவர் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஓர் இளைஞர், "கதை பேசறதுன்னா ஓரமாப் போய்ப் பேசுங்க. பின்னாடி ஆள் நிக்கறது தெரியலையா?" என்று உரக்கச் சொன்னார். பெரியவரின் முகம் வாடிவிட்டது. மீதிச் சில்லறையை எண்ணாமலேயே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

நான் அந்தப் பெண்ணின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு நடந்த நேரம் முழுவதும் அந்தக் கை ஒருமுறைகூட நிற்கவில்லை. சோப்பைத் திருப்பிக் கோடு போட்ட பக்கத்தைக் கருவிக்குக் காட்டியது, பில்லைக் கிழித்தது, சில்லறையை எடுத்து நீட்டியது. அந்த உரையாடலால் வரிசையில் இருந்த எவருக்கும் ஒரு நொடிகூட வீணாகவில்லை. அதற்குச் சற்று முன்னர் வேறொருவரின் ஜிபே சுற்றிக்கொண்டே இருந்தபோது, இதே இளைஞர் இரண்டு நிமிடம் வாய் திறக்காமல் காத்திருந்தார். நெட்வொர்க் இழுத்தடித்தால் பொறுத்துக்கொள்ளும் நம்மால், இரண்டு மனிதர்கள் நலம் விசாரித்துக்கொள்வதை ஏன் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்ற கேள்வி ஒரு வாரமாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பில் போடும் இடத்தில் நடக்கும் இந்தச் சின்னப் பேச்சைக் காப்பாற்ற வேண்டும் என்பதும், காப்பாற்றும் பொறுப்பு பில் போடுகிறவரைவிட நமக்கும் கடை முதலாளிக்கும்தான் அதிகம் என்பதும் என் உறுதியான எண்ணம். இந்தப் பேச்சை அரட்டை, வெட்டிப்பேச்சு, கதையளப்பு என்றெல்லாம் சொல்கிறோம். எல்லாமே கொஞ்சம் இளக்காரமான சொற்கள். ஆனால் ஒருவரைப் பார்த்ததும் அவர் வீட்டாரைப் பற்றிக் கேட்பதற்கு "நலம் விசாரித்தல்" என்றும் நம் மொழியில் பெயர் உண்டு. பெரியவரும் அந்தப் பெண்ணும் செய்தது அதைத்தான்.

பழைய அண்ணாச்சி கடை திரும்ப வர வேண்டும் என்று ஏங்கி இதை எழுதவில்லை. என் சிறு வயதில் எங்கள் தெரு மளிகைக் கடையில் சீட்டை நீட்டினால், அண்ணாச்சி ஒவ்வொரு சாமானையும் வாய்விட்டுப் படித்து, நிறுத்து, பொட்டலம் கட்டி, அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போடுவார். இத்தனைக்கும் நடுவே அப்பாவின் வேலை, பாட்டியின் மூட்டுவலி, என் பரீட்சை எல்லாமே விசாரிக்கப்படும். அந்தப் பேச்சில் பிரியம் இருந்தது உண்மை. ஆனால் கணக்கு நோட்டில் பாக்கி ஏறியிருக்கும் மாதங்களில் அதே குரல் தெரு முழுவதும் கேட்கும்படி பாக்கியையும் கேட்கும். அம்மா அந்த மாதங்களில் கடைக்கு என்னைத்தான் அனுப்புவார். யாரை முதலில் கவனிப்பது, யாரை ஓரமாக நிற்க வைப்பது என்பதிலும் ஊரின் ஏற்றத்தாழ்வு அப்படியே தெரிந்தது. விலை ஒட்டிய பாக்கெட்டைத் தானே எடுத்துக்கொண்டு, யாரிடமும் தயவு கேட்காமல் வெளியே வர முடிந்தது பலருக்குப் பெரிய விடுதலை. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

அந்த விடுதலையோடு வந்த வேகத்தின் பலன் யாருக்குப் போயிற்று என்பதுதான் என் கேள்வி. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரின் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. அதுவரை பில் போடுகிறவர் ஒவ்வொரு பொருளிலும் விலையைத் தேடிப் படித்து, பொத்தான்களைத் தட்ட வேண்டியிருந்தது. பார்கோடு வந்த பிறகு அவருடைய கண்ணும் மனமும் அந்த வேலையிலிருந்து விடுபட்டன. நியாயமாகப் பார்த்தால் எதிரில் நிற்கும் மனிதரைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைத்திருக்க வேண்டும். மிச்சமான நேரத்தில் இன்னும் நான்கு பேருக்குப் பில் போட வேண்டும் என்றுதான் ஆயிற்று.

பேச்சு முற்றிலும் ஒழிந்துவிடவும் இல்லை. அதன் இடத்தைக் கேள்விகள் பிடித்துக்கொண்டன. போன் நம்பர் சொல்லுங்க, மெம்பர்ஷிப் இருக்கா, பாயின்ட் கழிச்சுக்கவா, இந்த எண்ணெய் ரெண்டா எடுத்தா ஆஃபர் இருக்கு, கவர் வேணுமா, கேஷா ஜிபேயா. நிர்வாகம் எழுதிக் கொடுத்ததை அந்தப் பிள்ளைகள் நாளொன்றுக்கு நூறு முறை ஒப்பிக்கிறார்கள். கைபேசி எண் தந்தே ஆக வேண்டும் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்திய பின்பும், பல கடைகளில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கிறது. பணம் கொடுக்கும்போது "வந்துருச்சாம்மா?", "வந்துருச்சுங்கய்யா" என்று மிஞ்சியிருந்த இரண்டு சொற்களையும் இப்போது சவுண்ட் பாக்ஸ் எடுத்துக்கொண்டது. தொகை வந்துவிட்டதை அது அறிவிக்கிறது; இருவரும் அதன் பக்கம் திரும்பிவிட்டுப் பிரிந்துவிடுகிறார்கள்.

அழைக்கும் முறையையும்கூட விட்டுவைக்கவில்லை. நம் ஊரில் நலம் விசாரிப்பின் பாதி, கூப்பிடும் சொல்லிலேயே முடிந்துவிடும். அக்கா, அண்ணா, ஐயா, பாட்டி என்று சொன்னவுடனே இருவருக்கும் நடுவே ஒரு பாய் விரித்தாயிற்று. அந்தக் கடைப் பெண் என் அம்மாவை முதலிலிருந்தே பாட்டி என்றுதான் அழைத்துவந்தார். ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, எல்லோரையும் மேடம் என்றே அழைக்க வேண்டும் என்று கண்டித்திருக்கிறார். "மேடம்னா எனக்குப் பின்னாடி நிக்கற யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு" என்று அம்மா என்னிடம் வருத்தப்பட்டார். நாம் பேசும் முறையிலும் குறை உண்டு. இருபது வயதுப் பெண் என்பதற்காகவே "ஏம்மா, சீக்கிரம் போடு" என்று ஒருமையில் விரட்டுகிறவர்கள், வங்கியில் அதே வயதுப் பெண்ணிடம் "வாங்க, போங்க" என்றுதான் பேசுகிறார்கள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா போன பிறகு நான்கு ஆண்டுகளாக அவர் தனியாக இருக்கிறார். நான் சென்னையில் இருக்கிறேன். தினமும் மாலை நான்கு மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு, மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போவார். ஒருநாள் ஒரு கட்டுக் கொத்தமல்லி, மறுநாள் ஒரு தீப்பெட்டி. மாதத்துக்கு ஒரே முறையாக ஆன்லைனில் வாங்கிவிடலாமே என்று ஆப் எல்லாம் போட்டுக்கொடுத்து அவரைக் கடிந்துகொண்டவள் நான். "எல்லாத்தையும் இன்னிக்கே வாங்கிட்டா நாளைக்கு எதைச் சொல்லிட்டுப் போறது?" என்றார். அந்தப் பெண் லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர் என்பதும், அவர் தம்பி பிளஸ் டூ எழுதுவதும், எங்கள் வீட்டு வத்தக்குழம்பின் பக்குவம் லால்குடி வரை போய்விட்டதும் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

சென்ற ஆண்டு ஐப்பசியில் நான் போயிருந்தபோது, பில் போட்டுக்கொண்டே அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டி இந்த வாரம் நாலு தடவை அரைக் கிலோ சர்க்கரை வாங்கிட்டாங்க. நேத்துதானே வாங்கினீங்கன்னா, இல்லவே இல்லைங்கறாங்க. வீட்டுல கொஞ்சம் பாருங்க." வீட்டுக்கு வந்து சமையலறை அலமாரியைத் திறந்தேன். பிரிக்காத சர்க்கரைப் பாக்கெட்டுகள் பதினொன்று, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நான் தினமும் இரவு அம்மாவோடு போனில் பேசுகிறவள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்பேன், ஆயிற்று என்பார், நானும் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். எனக்குப் பிடிபடாத மறதியை, நாளுக்கு இருபது நொடி மட்டும் அம்மாவோடு பேசிய பெண் பிடித்துவிட்டார். மருத்துவரிடம் காட்டினோம், ஆரம்ப நிலையிலேயே வந்தது நல்லது என்றார், இப்போது மாதத்தில் பாதி நாள் நான் திருச்சியில் இருக்கிறேன். வாங்குகிறவரே பில் போட்டுக்கொள்ளும் செல்ஃப் செக்அவுட் கருவி ஒன்று அங்கே இருந்திருந்தால், பதினோரு பாக்கெட்டுக்கும் பிழையில்லாமல் பில் போட்டிருக்கும்.

இப்படிப்பட்ட மெல்லிய பழக்கங்களுக்கு உள்ள வலுவை ஆராய்ந்தவர்களும் உண்டு. கனடாவின் வான்கூவரில் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற இரு உளவியலாளர்கள், காபிக் கடைக்கு வருகிறவர்களில் ஒரு பாதியினரை விற்பவரோடு முகம் பார்த்துச் சிரித்துச் சில வார்த்தை பேசச் சொன்னார்கள். மறு பாதியினரைப் பேச்சில்லாமல் விரைவாக வாங்கி வரச் சொன்னார்கள். பேசியவர்களே அதிக மகிழ்ச்சியோடும், நாலு பேரோடு சேர்ந்தவர் என்ற உணர்வோடும் வெளியே வந்தார்கள். நெதர்லாந்தில் ஜம்போ என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் 2019இல் ஃப்ளைமென் என்ற ஊரில், அவசரமில்லாதவர்கள் நின்று பேசிக்கொண்டே பில் போட்டுக்கொள்ளும்படி ஒரு கவுன்ட்டரைத் திறந்தது. முதியோரின் தனிமையைக் குறைக்க அந்நாட்டு அரசு நடத்தும் இயக்கத்தோடு சேர்ந்து செய்த முயற்சி அது. வரவேற்பைப் பார்த்து, 2021இல் அதை 200 கடைகளுக்கு விரிவாக்கப் போவதாக அறிவித்தார்கள். நம் ஊரில் தனிக் கவுன்ட்டரே தேவையில்லை. மதியம் மூன்று மணிக்குக் கடைகள் வெறிச்சோடித்தான் கிடக்கின்றன. பேசினால் திட்டு விழாது என்ற உறுதி அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தால் போதும்.

ஆனால் பேச வேண்டும் என்பதையே விதியாக்கிவிட்டால் அது இன்னொரு சுமை. முகத்தில் வரவழைத்துக்கொள்ளும் சிரிப்பும் கூலி வேலைதான் என்பதை, விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்த ஆர்லி ஹோக்ஷில்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983லேயே எடுத்துச் சொன்னார். இதில் நாம் மறந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. பேச்சு பிடிக்காவிட்டால் நாம் பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம். கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவரால் போக முடியாது. எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று ஆண்கள் சிலர் கேட்பதையும், சூப்பர்வைசர் பார்க்கிறார் என்பதால் சிரித்துக்கொண்டே அந்தப் பெண்கள் பதில் சொல்வதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை நலம் விசாரிப்பு என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் பேச விரும்புகிறாரா என்பது முதல் பதிலிலேயே தெரிந்துவிடும். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு நகர்வதுதான் மரியாதை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் கார்டை நீட்டுவது அதைவிடப் பெரிய மரியாதைக்குறைவு. நானே பல ஆண்டுகள் அப்படி நின்றவள். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்பாக அவர்கள் உட்கார வேண்டும். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே இருக்கும் ஒருவரிடம் இன்முகத்தை எதிர்பார்ப்பது அநியாயம். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் தொடங்கிய போராட்டத்தின் பயனாக 2018இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமாயிற்று. தமிழ்நாட்டிலும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்ற திருத்தத்தை 2021 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றியது. அம்மா போகும் கடையிலும் நாற்காலி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதன் மேல் பிஸ்கட் அட்டைப்பெட்டிகள் நான்கு ஏறி உட்கார்ந்திருந்தன. அந்தப் பெண்ணோ இடது காலைச் செருப்பிலிருந்து எடுத்து வலது பாதத்தின் மேல் வைத்தும், சற்று நேரத்தில் காலை மாற்றியும் நின்றுகொண்டிருந்தார்.

இளைஞர் சத்தம் போட்ட அந்த நொடியில் நான் வாய் திறக்கவில்லை, திறந்திருக்க வேண்டும். என் முறை முடிந்ததும் மேனேஜரைத் தேடிப் போய், அந்தப் பெட்டிகளை இறக்கினால் என்ன என்று கேட்டேன். "உக்காந்துகிட்டுப் பில் போட்டா வர்றவங்களுக்கு மரியாதையா இருக்காது மேடம்" என்றார். வருகிறவர்கள் நானும் என் அம்மாவும்தான், எங்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை என்றேன். முதலாளியிடம் சொல்வதாகச் சொன்னார். அடுத்த வாரம் மறுபடியும் போகிறேன். 22-ஏ பிரிவை அச்செடுத்து அம்மாவின் மஞ்சப்பையிலேயே வைத்திருக்கிறேன்.