இஜிஎஃப்ஆர் 90-க்குக் கீழே இறங்கினாலே கிட்னி போய்விட்டதா?

‘இஜிஎஃப்ஆர் 90-க்குக் கீழே வந்தாலே கிட்னி செயலிழக்கத் தொடங்கிவிட்டது, வயது, எடை எதுவும் கணக்கில்லை’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. இஜிஎஃப்ஆர் என்பது சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு.

இளம் வயதில் இந்த அளவு 100 முதல் 120 வரை இருக்கும். நாற்பதைத் தாண்டியபின் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 குறைவது நோயே இல்லாதவர்களிடமும் நடக்கும். எழுபது வயதில் 75 இருந்து, சிறுநீரில் புரதமும் போகவில்லை என்றால், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, எடை? இஜிஎஃப்ஆரைக் கணக்கிட ரத்தத்தில் பார்க்கும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. அதனால் ஒரே கிரியாட்டினின் எண் எல்லோருக்கும் ஒன்றைச் சொல்லாது. வயது, எடை, கிரியாட்டினின் ஆகியவற்றை வைத்துச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணிக்கும், 1976-இல் வந்த காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். கிரியாட்டினின் 1.0 உள்ள இரண்டு ஆண்கள்: 30 வயது, 72 கிலோ என்றால் விடை 110, 70 வயது, 54 கிலோ என்றால் 52.5. வயதானவர்களுக்குச் சில மருந்துகளின் அளவை மருத்துவர் குறைத்து எழுதுவது இதனால்தான்.

நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல, இஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே மூன்று மாதமாவது நீடிக்க வேண்டும். அல்லது சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போவது போன்ற பாதிப்பின் அடையாளம் அதே காலம் தொடர வேண்டும். சிறுநீரக நோய்களுக்குச் சர்வதேச வழிகாட்டிகளை வெளியிடும் கேடிகோ (KDIGO) அமைப்பின் 2024 வழிகாட்டியில் இதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.