கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?

தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் நான். என் தைராய்டு ரிப்போர்ட்டுகளையெல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒரு தாளில் ஃப்ரீ டி3 (ரத்தத்தில் கட்டுப்படாமல் உலவும் டி3 என்ற தைராய்டு ஹார்மோன்) 4.6 என்று தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியோடு இருக்கும். லேப் போட்டிருந்த வரம்பு 2.3 முதல் 4.2 வரை. அந்த அம்புக்குறியைப் பார்த்துத்தான் என் டோஸை ஒன்றரை கிரெய்னிலிருந்து (என் மாத்திரையை அளக்கும் அலகு) ஒன்றாகக் குறைத்தார்கள். அடுத்த இரண்டு மாதம் மாடிப்படி ஏறுவதற்கே யோசித்தேன். சீப்பை எடுத்தால் கொத்துக் கொத்தாக முடி.

நடந்தது இவ்வளவுதான்: அன்று காலை ஆறு மணிக்கு வழக்கம்போல மாத்திரையை விழுங்கிவிட்டு ஒன்பது மணிக்கு ரத்தம் கொடுத்தேன். அதை மருத்துவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

நான் சாப்பிடுவது எல்லோரும் சாப்பிடும் லெவோதைராக்ஸின் இல்லை. பன்றியின் தைராய்டு சுரப்பியை உலர்த்திப் பொடித்துச் செய்கிற மாத்திரை, ஆங்கிலத்தில் நேச்சுரல் டெசிகேட்டட் தைராய்டு, சுருக்கமாக என்டிடி. தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கள் டி4, டி3 என்று இரண்டு; டி4-ஐ உடம்பு டி3-ஆக மாற்றிக்கொள்ளும். லெவோதைராக்ஸினில் டி4 மட்டும்தான். இதில் ஒரு கிரெய்னுக்குச் சுமார் 38 மைக்ரோகிராம் டி4, கூடவே 9 மைக்ரோகிராம் டி3. டி4 நிதானமான ஆள். ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். டி3 அப்படியில்லை. விழுங்கிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டு, பிறகு மெல்ல மெல்ல இறங்கும். ஒன்பது மணிக்கு நான் கொடுத்தது அந்த உச்சியில் எடுத்த ரத்தம். பழையபடி ஒன்றரை கிரெய்னுக்குத் திரும்பி, எட்டு வாரம் கழித்து, இந்த முறை மாத்திரை போடுவதற்கு முன்பு ரத்தம் கொடுத்தேன். 3.2. அதே உடம்பு, அதே டோஸ்.

அதனால் என் கட்சி இதுதான்: என்டிடி சாப்பிடுகிறவரின் ரிப்போர்ட்டில், கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பது எழுதப்படவில்லை என்றால் அந்த டி3 எண்ணை வைத்து டோஸில் கைவைக்கக் கூடாது. ரத்தம் கொடுத்துவிட்டு வந்து மாத்திரை போட்டுக்கொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அடுத்த குழப்பம் டி4. என்னுடைய ஃப்ரீ டி4 எப்போதும் கீழ் எல்லையை ஒட்டித்தான் இருக்கும், சில சமயம் அதற்கும் கீழே. புதிதாகப் பார்க்கிற மருத்துவர் யாராக இருந்தாலும் உடனே டோஸை ஏற்றப் பார்ப்பார். மனிதத் தைராய்டு சுரப்பதில் டி4 டி3-ஐப் போல ஏறத்தாழ 14 மடங்கு. பன்றி மாத்திரையில் நான்கு மடங்குதான். தேவையான டி3-இல் ஒரு பகுதி நேராகவே உள்ளே வந்துவிடுவதால் டி4 குறைவாகத் தெரிவது இந்த மருந்தின் இயல்பு. டிஎஸ்எச்சும் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் கூடினால் இது குறையும்) டி3-யும் சரியாக இருந்து, உடம்பும் சரியாக இருக்கும்போது டி4-க்காக மட்டும் டோஸைக் கூட்டினால், கூடவே டி3-யும் ஏறும். அப்புறம் ராத்திரி படுத்தால் நெஞ்சுத் துடிப்பு காதில் கேட்கும்.

இதே மாத்திரை சாப்பிடுகிற சிலரோடு எனக்கு ஒத்துப்போகாத இடமும் உண்டு. 'டிஎஸ்எச்சைத் தூக்கிக் குப்பையில் போடு, உடம்பு சொல்வதைக் கேள்' என்பார்கள். 1891-இல் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர் ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றி ஒரு பெண்மணியைப் பிழைக்க வைத்தார், அப்போது எந்த டெஸ்ட் இருந்தது என்று கேட்பார்கள். உண்மைதான், அந்தப் பெண்மணி அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் டிஎஸ்எச் பரிசோதனை புழக்கத்துக்கு வந்த பிறகுதான், அதுவரை பலர் தேவைக்கு மேல் மருந்து சாப்பிட்டு வந்தது தெரிந்தது. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? டிஎஸ்எச் 0.1-க்குக் கீழே நெடுநாள் கிடந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து, எலும்பு தேய்கிற ஆபத்து இரண்டும் கூடும். வயதானவர்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இன்னும் அதிகம். 'நான் நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று சொன்னால் எலும்புக்குக் கேட்குமா? கர்ப்பம் என்றால் பேச்சே வேறு. குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் டி4-ஐ நம்பியிருப்பதால் என்டிடி வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள்.

இன்னொன்று, முடிக்காகச் சாப்பிடுகிற பயோட்டின் என்ற வைட்டமின். சில லேப் முறைகளில் அது டி3, டி4-ஐ இல்லாத உயரத்துக்குக் காட்டி, டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துவிடும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். தைராய்டால் முடி கொட்டுகிறது என்று பயோட்டின் வாங்கி, அதனாலேயே தைராய்டு ரிப்போர்ட்டைக் கெடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி.

என்டிடி உசத்தியா என்றால், 70 பேரிடம் இதையும் லெவோதைராக்ஸினையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த 2013 ஆய்வில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இதுதான் பிடித்திருந்தது. அறிகுறிகளிலோ வாழ்க்கைத் தரத்திலோ பெரிய வித்தியாசம் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது லேப் சீட்டின் மேல் மூலையில் பேனாவால் எழுதிவிடுகிறேன்: 'கடைசி மாத்திரை நேற்று காலை 6 மணி'. போன முறை ரத்தம் எடுத்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "இதை எதுக்கு எழுதறீங்க மேடம், கம்ப்யூட்டர்ல ஏத்த இடமே இல்லையே" என்றாள். இருக்கட்டும், தாளில் இடம் இருக்கிறது என்றேன்.