கேட்டவர் யார் என்று பார்க்காமல் மேற்கோள் எடுக்காதீர்கள்

மக்களிடம் நேர்காணல் எடுத்து அவர்கள் சொன்னதைச் சேர்த்து வைத்திருக்கும் வாய்மொழி வரலாற்றுக் காப்பகங்களை வைத்து எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகள் இப்போது நிறைய வருகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் பல கட்டுரைகளில் ஒரே பழக்கத்தைப் பார்க்கிறேன். காப்பகத் தளத்தின் தேடுபெட்டியில் ஒரு சொல்லை அடிக்கிறார்கள். வந்து விழும் வரிகளில் தங்கள் வாதத்துக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்கிறார்கள். அடிக்குறிப்பில் பேசியவர் பெயரைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். யார் கேட்டார், எந்த ஆண்டில் கேட்டார், என்ன கேட்டார் என்று எங்கேயும் இருக்காது. இது ஏன் ஆபத்து என்று சொல்ல அமெரிக்காவிலிருந்து ஒரு காப்பகத்தை எடுத்துக்கொள்கிறேன்.

1936 முதல் 1938 வரை, பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், ஃபெடரல் ரைட்டர்ஸ் புராஜெக்ட் என்ற திட்டத்தின் மூலம் அமெரிக்க அரசு வேலையில்லாத எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. அவர்களுக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று, அடிமைகளாகப் பிறந்து அப்போதும் உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப்போய் அவர்கள் சொல்வதை எழுதி வருவது. 17 மாநிலங்களிலிருந்து 2,300க்கும் மேற்பட்ட நேர்காணல்கள் சேர்ந்தன. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் இன்று யார் வேண்டுமானாலும் அவற்றைப் படிக்கலாம். அடிமை முறை ஒழிந்தது 1865இல். ஆகவே பேசியவர்களில் பெரும்பாலோர் அப்போது குழந்தைகள், நேர்காணலின்போது எண்பதைத் தாண்டியவர்கள்.

தெற்குக் கரோலைனா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரத்தில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டி இருந்தார். 1937இல் இந்தத் திட்டத்துக்காக ஜெஸ்ஸி பட்லர் என்ற வெள்ளையினப் பெண் அவரைப் பார்க்கப் போனார். அரசு உதவிப்பணம் தரும் அலுவலகத்திலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று சூசன் நினைத்துவிட்டார். பட்லர் அதைத் திருத்தவில்லை. திருத்தவில்லை என்று அவரே தன் குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறார். பேச்சு தொடர்ந்தது. எஜமான் ஃபுல்லர் நல்ல மனிதர், அவர் மனைவி வீட்டார் பெரிய மனசுக்காரர்கள், அடிமைகளை எல்லாம் நன்றாகத்தான் வைத்திருந்தார்கள் என்று சொன்னார் சூசன்.

அதே மூதாட்டியிடம் அதே திட்டத்துக்காக அகஸ்டஸ் லாட்சன் என்ற கறுப்பினத்தவரும் பேசினார். அந்த நேர்காணலில் வேறு உலகம் விரிகிறது. தாயையோ தகப்பனையோ கூடப்பிறந்தவர்களையோ திடீரென்று விற்றுவிடுவார்கள், இரவும் பகலும் அலறல் கேட்கும் என்கிறார். ஓர் இரவு ஒரு ஜோடிக்குக் கல்யாணம் நடந்ததாம். விடிந்ததும் எஜமான் அந்தப் பெண்ணை விற்றுவிட்டான். பெண்ணைப் பெற்றவள் தெருவில் நின்று வெள்ளைக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவளைப் பிடித்து, அடிமைகளைத் தண்டிக்கும் 'ஒர்க் ஹவுஸ்' என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

ஒரே ஊர், ஒரே ஆள். காப்பகத்தில் இவை இரண்டு தனித்தனி ஆவணங்கள். ஒன்றில் பெயர் ஹாம்லின், இன்னொன்றில் ஹாமில்ட்டன். பெயரை அடித்துத் தேடுகிறவருக்கு ஒன்று மட்டும் கிடைத்து, அதோடு அவர் திருப்தியாக எழுந்து போய்விட வாய்ப்பு இருக்கிறது. 'எஜமான்கள் அன்பாகவே நடத்தினார்கள்' என்று வாதிட விரும்புகிறவருக்கு முதல் நேர்காணல் லட்டு மாதிரி. அடிமையாக இருந்தவரின் வாய்மொழியே சாட்சி என்று எழுதிவிடலாம்!

அப்படியானால் முதல் நேர்காணலைத் தூக்கி எறிய வேண்டுமா என்று கேட்பீர்கள். கூடாது. நிறவெறிச் சட்டங்கள் நடப்பிலிருந்த தென் மாநிலத்தில், நூறு வயதைத் தொட்ட ஒரு கறுப்பினப் பெண், உதவிப்பணம் தருவார் என்று தான் நம்பும் வெள்ளைக்காரியிடம் எப்படிப் பேச வேண்டியிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. 1850களைப் பற்றி அது சொல்வதை நான் நம்பத் தயங்குவேன். 1937ஐப் பற்றி அது சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வேன். பட்லர் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால் இதுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

அந்தத் தொகுப்பில் கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையினத்தவர். உணவு, உடை, வேலை, தண்டனை, பேய்க்கதை என்று கேள்விப் பட்டியல் ஒன்றும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. தட்டச்சுப் படிகள் பலவற்றில் கேள்விகளே இல்லை. பதில்கள் மட்டும் ஒட்டப்பட்டு, முதியவர் தானாகவே பேசிக்கொண்டு போவது போல நிற்கின்றன. 'அந்தக் காலத்தில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை' என்ற வரி எத்தனையோ பேர் வாயிலிருந்து வருகிறது. பெருமந்தத்தில் அரைவயிறாக இருப்பவரிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் வேறென்ன வரும்? கேள்வியையும் கேட்ட ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்த வரி பிடிபடும்.

கேட்டவருக்கு மேலே இருந்தவர்களும் கை வைத்திருக்கிறார்கள். டெக்சஸ் நேர்காணல்கள் பல, வாஷிங்டனிலிருந்த திட்டத் தலைமையகத்துக்குப் போகும் முன்பே சுருக்கித் திருத்தப்பட்டவை. 1970களில் ஜார்ஜ் ராவிக் என்ற வரலாற்றாளர் மாநிலத்திலேயே தங்கிவிட்ட மூலப் படிகளை வெளியிட்ட பிறகுதான் இது பரவலாகத் தெரிந்தது.

குரல் பதிவு இருந்தால் எழுத்துப்படியோடு நிற்காதீர்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஃபவுண்டன் ஹியூஸ் என்ற முதியவரிடம் 1949இல் பால்டிமோர் நகரத்தில் எடுத்த ஒலிப்பதிவு அதே நூலகத்தில் இருக்கிறது. அடிமை வாழ்வில் பிறந்தவர்களின் குரல் பதிவாகியிருப்பது மிக அபூர்வம். திரும்பவும் அடிமையாக வேண்டிவந்தால் துப்பாக்கியை எடுத்து முடித்துக்கொள்வேன் என்று அவர் சொல்லும் இடத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதே பதிவில், கடனுக்குப் பொருள் வாங்காதே, காசு சேர்ந்த பிறகு வாங்கு என்று நிறைய நேரம் புத்தி சொல்கிறார். தேடுபெட்டிக்காரர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அப்புறம் விடுதலை கிடைத்த நாட்களுக்கு வருகிறார். வீடில்லை, போக இடமில்லை, மாடுகளை அவிழ்த்துவிட்டது போல எங்களைத் துரத்திவிட்டார்கள் என்கிறார். கையில் ஒன்றுமில்லாமல் வெளியே விடப்பட்டவர் ஏன் கடனுக்கு அப்படி அஞ்சுகிறார் என்று முழுவதையும் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அடிமை முறை பற்றிய அவருடைய சாட்சியத்தில் அந்தக் கடன் பேச்சையும் நான் சேர்த்தே படிப்பேன்.

நினைவு தவறும், ஆண்டுகளை மாற்றிச் சொல்வார்கள், இதை எப்படி ஆதாரமாக எடுப்பது என்று நெறியாளர்கள் சிலர் மாணவர்களைத் தடுப்பதும் உண்டு. அவர்களுக்கு இத்தாலியின் தேர்னி நகரத்தைக் காட்டுவேன். லூயிஜி த்ராஸ்துல்லி என்ற இளம் எஃகு ஆலைத் தொழிலாளி 1949 மார்ச் 17 அன்று, நேட்டோ என்ற ராணுவக் கூட்டணியில் இத்தாலி சேர்வதை எதிர்த்த போராட்டத்தில் போலீஸ் கையில் இறந்தார். அலெஸ்ஸாண்ட்ரோ போர்த்தெல்லி என்ற வாய்மொழி வரலாற்றாளர் பின்னாளில் அந்த ஊர்த் தொழிலாளர்களிடம் கேட்டபோது பலர் அந்தச் சாவை 1953இல் வைத்தார்கள், அதாவது ஆலை 2,000க்கும் மேற்பட்டவர்களை வேலையைவிட்டு நீக்கி, தெருச்சண்டை மூண்ட ஆண்டில். தேதி தவறு, அதில் சந்தேகமில்லை. போலீஸ் ஆவணம் சரியான தேதியைச் சொல்லிவிடும். ஆனால் தோழன் இப்படி ஒரு சின்ன ஊர்வலத்தில், பதிலடியும் இல்லாமல், வீணாகச் செத்தான் என்பதை அந்த ஊரால் ஏற்க முடியவில்லை என்பதை எந்தப் போலீஸ் ஆவணம் சொல்லும்? தேதியைச் சரிபார்த்துவிட்டு, அது ஏன் நகர்ந்தது என்று கேட்பதுதான் ஆய்வாளர் வேலை.

தமிழிலேயே கேட்டுப் பழக வேண்டும் என்றால் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். அங்கே வாய்மொழி வரலாற்றுப் பணி 1979இல் தொடங்கியது. ஜப்பானியர் ஆட்சிக்காலம் பற்றிய நேர்காணல்கள் ஏராளம், தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். பல பதிவுகளை இணையத்திலேயே கேட்கலாம். கேட்பவரின் குரலும் பதிவில் இருக்கும். எந்தக் கேள்விக்கு முதியவர் தயங்குகிறார், எங்கே பேச்சை மாற்றுகிறார் என்பது சுருக்கக் குறிப்பில் கிடைக்கவே கிடைக்காது. எல்லாக் காப்பகங்களுக்கும் இந்த வசதி இல்லை. 1948இல் தொடங்கிய கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற தொகுப்பிலேயே, ஆரம்ப ஆண்டுகளில் எழுத்துப்படி எடுத்ததும் ஒலிநாடாவை அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டார்கள்.

ஆய்வு மாணவர்களிடமும் அவர்களின் நெறியாளர்களிடமும் நான் கேட்பது சின்ன விஷயம்தான். அடிக்குறிப்பில் பேசியவர் பெயரோடு கேட்டவர் பெயர், நேர்காணல் நடந்த நாள், இடம், பேசிய மொழி, ஒலிப்பதிவானால் எத்தனையாவது நிமிடம், எழுத்துப்படியானால் அதை யார் தயாரித்தார் என்பதையும் போடுங்கள். மேற்கோளுக்கு முன்னால் வந்த கேள்வியையும் ஒரு வரியில் தாருங்கள். அது கிடைக்கவில்லை என்றால், கேள்வி பதிவாகவில்லை என்று அங்கேயே எழுதிவிடுங்கள்.