நூற்றுக்கு எத்தனை என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசியில் ‘இம்ப்ரெஷன்’ என்று இரண்டு மூன்று வரி இருக்கும். வீட்டில் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுப்பது அதுதான். ‘சஜெஸ்டிவ் ஆஃப்’, ‘கன்சிஸ்டன்ட் வித்’, ‘பாஸிபிள்’, ‘கேனாட் பி ரூல்ட் அவுட்’. இதில் எது பலத்த சந்தேகம், எது பேருக்கு ஒரு சந்தேகம்? கவரை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவருக்கு யார் சொல்வார்கள்?

எங்கள் அத்தைக்குக் கல்லீரலில் ஒரு சின்னக் கட்டி. ‘லைக்லி பினைன், மலிக்னன்சி கேனாட் பி ரூல்ட் அவுட்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அநேகமாகச் சாதாரணக் கட்டி என்ற முதல் பாதி ஒருவர் கண்ணிலும் படவில்லை. புற்றுநோய் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது என்ற இரண்டாம் பாதிதான் சொந்தக்காரர்களிடம் பரவியது. ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டால், “டாக்டர்கிட்ட காட்டுங்க.” டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் டோக்கன். அதுவரை அத்தை சரியாகச் சாப்பிடவே இல்லை. எம்ஆர்ஐ எடுத்தபிறகு வெறும் ரத்தக்குழாய்க் கட்டி என்று தெரிந்தது. சரி, அந்த ஒரு வாரத்துக்கு யார் பொறுப்பு?

நூற்றில் ஒரு வாய்ப்புக்கும் ‘கேனாட் பி ரூல்ட் அவுட்’, நாற்பதுக்கும் அதே ‘கேனாட் பி ரூல்ட் அவுட்’. என்ன நியாயம் இது?

அளந்து சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். மார்பக ஸ்கேனில் சொல்கிறார்களே! அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பு 1993இல் வெளியிட்ட ‘பை-ராட்ஸ்’ முறையில் இன்று 3 என்று போட்டால் ‘ப்ராபப்ளி பினைன்’, புற்றுநோய்க்கு வாய்ப்பு அதிகபட்சம் 2 சதவீதம். 5 என்றால் ‘ஹைலி சஜெஸ்டிவ்’, 95 சதவீதமாவது இருக்கும். பருவநிலை அறிக்கை எழுதும் ஐபிசிசியும் ‘லைக்லி’ என்றால் 66க்கு மேல், ‘வெரி லைக்லி’ என்றால் 90க்கு மேல் என்று வரையறுத்துவிட்டுத்தான் எழுதுகிறது.

துறையில் இருப்பவர்களுக்குப் புரியும் என்பதும் பொய். 1951இல் யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க ‘சீரியஸ் பாஸிபிலிட்டி’ உண்டு என்று அமெரிக்க உளவுத்துறை எழுதியது. அதைத் தயாரித்த ஷெர்மன் கென்ட் மனதில் இருந்தது 65 சதவீதம். அப்புறம் கூட இருந்தவர்களை விசாரித்தால், ஒருவர் 20 என்கிறார், இன்னொருவர் 80 என்கிறார். சேர்ந்து உட்கார்ந்து எழுதியவர்களுக்கே இந்தக் கதி!

உறுதியாகத் தெரியவில்லை என்பதில் எனக்குக் கோபமே இல்லை. எவ்வளவு தெரியவில்லை என்று எழுதுங்கள். தோராயமாகவாவது ஒரு எண் போடுங்கள். அதுவும் முடியாதென்றால், அடுத்து எந்த டெஸ்ட் எடுத்தால் தெளிவாகும் என்று கவரைக் கொடுக்கும்போதே ஒருவர் நின்று தமிழில் சொல்லுங்கள்.