"ஆண் பிள்ளை மூணு வயசுக்குத்தான் பேசும்" என்பது உண்மையா?

"ஆண் குழந்தை மூன்று வயது வரை பேசாவிட்டாலும் கவலை வேண்டாம், டாக்டரிடம் காட்டினால் ஆட்டிசம் என்று முத்திரை குத்திவிடுவார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

ஆண் குழந்தைகள் சராசரியாகச் சற்றுத் தாமதமாகப் பேசுவது நிஜம்தான். ஆனால் அந்த வித்தியாசம் ஒன்றிரண்டு மாதம், வருடக்கணக்கில் அல்ல. 16 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை, 2 வயதில் "அம்மா வா" போல இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் ஆணோ பெண்ணோ காட்டிவிட வேண்டும். பேசிய சொற்களை இழந்தால் எந்த வயதிலும் உடனே. முதலில் காது கேட்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பல வீடுகளில் இது யாருக்கும் தோன்றுவதே இல்லை.

சரி, முத்திரை? ஆட்டிசத்துக்கான எம்-சாட் என்பது பெற்றோரிடம் கேட்கும் 20 கேள்விகள், 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு. அது சல்லடை மட்டுமே, நோய் முடிவு அல்ல. அதில் சிக்கும் எல்லாக் குழந்தைக்கும் ஆட்டிசம் இருக்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 9, 18, 30 மாதங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் வளர்ச்சிப் பரிசோதனை செய்யச் சொல்கிறது, கவலை இல்லாதவர்களுக்கும். நம் ஊரிலும் 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழு இதை இலவசமாகவே பார்க்கிறது.