கிளெரிக்குக்கு அணியில் இடம் உண்டு

பகடை விதிகளில் நடக்கும் வீடியோ கேமான பால்டர்ஸ் கேட் 3இல், நேற்றிரவு எங்கள் ஆட்டத்தில் நடந்தது இங்கே பெரும்பாலோருக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த தோழி பல வாரங்களாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த கிளெரிக்கை (தெய்வ சக்தியால் மந்திரம் போடும் பாத்திரம்), அது 5ஆம் லெவலைத் தொட்ட அதே இரவில், "நான்கு பேர் கொண்ட அணியில் அடிக்காத ஆளுக்கு இடம் கிடையாது" என்று சொல்லி, பாத்திரத்தின் வகையை மாற்றித் தரும் விதர்ஸிடம் அழைத்துப்போய், 100 தங்கம் கொடுத்து மந்திரத்தால் தாக்கும் சோர்சரராக மாற்ற வைத்தார்கள் அணியில் சிலர். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை, அந்த உறுத்தல்தான் இதை எழுத வைக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஒவ்வொருவரும் அடிக்கும் டேமேஜைக் கூட்டிப் பார்த்து ஓர் அணியின் பலத்தை அளந்துவிட முடியாது. கிளெரிக் முதல் லெவலிலேயே போடக்கூடிய பிளெஸ் என்ற மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆக்‌ஷனில் மூன்று பேருக்கு, அவர்களுடைய ஒவ்வொரு தாக்குதலிலும் ஒவ்வொரு சேவிங் த்ரோவிலும் (ஆபத்தைத் தவிர்க்க உருட்டும் பகடையிலும்), நான்கு முகப் பகடை ஒன்று கூடுதலாக உருள்கிறது. அதன் சராசரி 2.5. இருபது முகப் பகடையை நம்பியிருக்கும் ஆட்டத்தில், எட்டு முறை அடித்தால், தவறியிருக்க வேண்டிய ஓர் அடியைச் சராசரியாக விழவைக்கக்கூடிய எண் அது.

என் முதல் ஆட்டத்தில் நான் கிளெரிக். எல்லாரும் 4ஆம் லெவல், எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி விழ எட்ட வேண்டிய எண்) 17. எங்கள் ஃபைட்டருக்குப் பகடையில் 9 விழுந்தது. அவருடைய தாக்குதல் போனஸ் 6ஐச் சேர்த்தால் 15, தவறியிருக்க வேண்டும். நான் போட்டிருந்த பிளெஸ்ஸில் 3 விழுந்து 18 ஆனது, எதிரி சாய்ந்தான். எல்லாரும் ஃபைட்டரைக் கொண்டாடினார்கள். நானோ, தோளில் பட்ட அம்பால் பிளெஸ்ஸைப் பிடித்துவைக்கும் கான்சன்ட்ரேஷன் கலைந்துவிடக் கூடாதே என்று அடுத்த பகடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கலையவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. இத்தனை நாளுக்குப் பிறகும் அது எனக்கு மறக்கவில்லை.

"முதல் சுற்றிலேயே எதிரியைக் கொன்றுவிட்டால் மருந்து போட ஆள் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சண்டை நடுவே ஹிட் பாயிண்டை (உயிர் அளவை) நிரப்பிக்கொண்டிருப்பது பல நேரம் ஆக்‌ஷனை வீணாக்குவது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிளெரிக் என்றாலே மருந்து போடும் ஆள் என்று யார் சொன்னது? விழுந்துகிடக்கும் தோழனை 18 மீட்டர் தூரத்திலிருந்தே, ஒவ்வொரு முறையும் ஆக்‌ஷனோடு கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் ஹீலிங் வேர்ட் என்ற மந்திரத்தால் எழுப்பிவிட்டு, மிச்சமிருக்கும் ஆக்‌ஷனில் அடிக்கவும் செய்கிற ஆள் அது. ஹானர் மோடில் (மிகக் கடினமான முறையில்) இதெல்லாம் எடுபடாது என்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: ஆட்டத்தைச் சேமித்துவைக்க ஒரே ஒரு சேவ் மட்டும் உள்ள ஆட்டத்தில் தவறாத அடிக்குத்தான் மதிப்பு அதிகம்.

லெவல் ஏற்றும் விஷயத்திலும் இதே அவசரத்தைத்தான் பார்க்கிறேன். மொத்தமே 12 லெவல். பெரும்பாலான கிளாஸ்களுக்கு (பாத்திர வகைகளுக்கு) ஃபீட் என்ற கூடுதல் திறமை கிடைப்பது அந்தக் கிளாஸின் 4, 8, 12ஆம் லெவல்களில். ஃபைட்டருக்கு இரண்டாவது அடி தரும் எக்ஸ்ட்ரா அட்டாக்கும் விசார்டுக்குக் கூட்டத்தையே எரிக்கும் ஃபயர்பாலும் 5இல் வருகின்றன. அதற்கு முன்பே லெவல்களை வேறு வேறு கிளாஸ்களில் அங்கே ஒன்று, இங்கே இரண்டு என்று பிரித்துப் போடச் சொல்லிப் புதியவர்களை விரட்டினால், அணி மிகவும் தடுமாறும் கட்டத்தில் அவர்கள் கையில் எதுவும் முழுதாக இருக்காது. பிரிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. எப்போது பிரிப்பது என்று யோசிக்காமல் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

"இது வெறும் விளையாட்டு, இதற்கு ஏன் இவ்வளவு வருத்தம்?" என்றும் சிலர் கேட்கக்கூடும். வெறும் விளையாட்டுதான் என்றால், அவர் ஆசைப்பட்டபடி ஆடட்டும் என்று விட்டிருக்கலாமே?

எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். 5ஆம் லெவலில்தான் கிளெரிக்குக்கு ஸ்பிரிட் கார்டியன்ஸ் என்ற மந்திரம் கிடைக்கிறது. ஆளைச் சுற்றி 3 மீட்டருக்கு ஒளி சுழலும், அவர் நடக்க நடக்கக் கூடவே நகரும், உள்ளே வரும் எதிரியின் வேகத்தைப் பாதியாக்கும், 3 எட்டு முகப் பகடைகளின் டேமேஜும் கொடுக்கும். அடிக்காத ஆள் என்று நீங்கள் சொன்னவருடைய கையில் நேற்று அது வந்துவிட்டிருந்தது. அதை அவர் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

இன்று அவர் ஆட வரவில்லை. வந்தால், மறுபடி கிளெரிக்காக மாற விதர்ஸுக்குத் தர வேண்டிய 100 தங்கத்தை என் பங்கிலிருந்து நான் கொடுக்கிறேன்.