எடை சரியாக இருக்கிறது என்பதற்காகக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்

அமெரிக்காவில் குழந்தை டாக்டரிடம் செக்கப்புக்குப் போனால் எடை, உயரம், தடுப்பூசி எல்லாம் பார்ப்பார்கள். வீட்டில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு உண்டா என்ற கேள்வி மட்டும் பல இடங்களில் விட்டுப்போகிறது. எடையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பணம் இறுகினால் அம்மா அப்பாதான் முதலில் தங்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார்கள். குழந்தையின் எடை இறங்கும் வரை காத்திருந்தால் ரொம்பத் தாமதம். கைக்குழந்தை என்றால் ஆபத்து இன்னும் கிட்டே இருக்கிறது. பால்பவுடர் டப்பா இன்னும் நாலு நாளைக்கு வரவேண்டுமே என்று ஃபார்முலாவில் (தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் பால்பவுடர்) தண்ணீரைக் கூட்டிக் கலப்பார்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பே வந்துவிடலாம்.

இதற்கு இரண்டு வரி போதும். கடந்த 12 மாதங்களில், மறுபடி வாங்கக் காசு வருவதற்குள் சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா? வாங்கியது தீர்ந்து, மேற்கொண்டு வாங்கப் பணமில்லாமல் போனதா? பதில் மூன்று: அடிக்கடி, சில நேரம், ஒருபோதும் இல்லை. ஏதாவது ஒன்றுக்குச் 'சில நேரம்' என்று வந்தாலே கவனிக்க வேண்டிய குடும்பம். உணவுத் தட்டுப்பாட்டை அளக்கும் 18 கேள்விப் படிவம் காட்டும் குடும்பங்களில் 97 சதவீதத்தை இந்த இரண்டு கேள்விகளே பிடித்ததாக 2010-ல் ஆய்வு வந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் 2015-ல் இதைப் பரிந்துரைத்தது.

வேலை மிச்சம் என்று சில கிளினிக்குகள் இதை ஆம்/இல்லை என்று சுருக்கிவிடுகின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 'சில நேரம்' என்று சொல்லியிருக்கக்கூடியவர் 'இல்லை'யில் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்.

கேட்கும் விதமும் முக்கியம். உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. "எல்லாரிடமும் கேட்கிறோம்" என்று சொல்லி, அவர்கள் மொழியிலேயே அச்சடித்த தாளைக் கையில் கொடுங்கள். விவரம் தெரிந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வாய்விட்டுக் கேட்காதீர்கள்.

கேட்டுவிட்டு சும்மா இருப்பது கேட்காததைவிட மோசம். பால்டிமோரில் தொடங்கிய 'வி கேர்' முறையில், தேவை இருக்கிறதா என்பதோடு உதவி வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். பாஸ்டனில் 8 சுகாதார மையங்களில் நடந்த ஆய்வில், ஒரு வருடத்துக்குள் புதிதாக ஒரு உதவியில் சேர்ந்த தாய்மார் 39 சதவீதம். வழக்கமான கிளினிக்குகளில் 24. 211 என்ற உதவித் தொலைபேசி நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பினால் பாதிப் பேர் கூப்பிட மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயது நிறையாத பிள்ளை என்றால் டபிள்யூ.ஐ.சி. (தாய் சேய்க்கான அரசு உணவு உதவித் திட்டம்) விண்ணப்பத்தை அங்கேயே உட்காரவைத்து நிரப்புங்கள். இரண்டு வாரத்தில் யார் திரும்பக் கூப்பிடுவது என்று ஒரு ஊழியரின் பெயரையும் குறித்துவையுங்கள். மருத்துவப் பதிவில் உணவுத் தட்டுப்பாட்டைக் குறிக்கும் Z59.41 குறியீட்டைப் போடும் முன் குடும்பத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கையில் கொடுக்கும் தாளிலும் அது அச்சாகி வரக்கூடும்.